எண்டோமெட்ரியோசிஸ்: வலியைக் குறித்துவைப்பது முதல் சிகிச்சையைத் தேர்வது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மாதவிடாய் நாட்களில் ஓரளவு வலிப்பது பலருக்கும் நேர்வதுதான். ஆனால் மாத்திரை போட்ட பிறகும் எழுந்து நடமாட முடியாமல் கிடப்பது, வலியால் வாந்தி எடுப்பது, மாதந்தோறும் பள்ளிக்கோ வேலைக்கோ விடுப்புச் சொல்வது ஆகியவற்றை "எல்லோருக்கும் இருப்பதுதானே" என்று தள்ளிவிடக் கூடாது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இவ்வளவு பரவலான நோய்தான். ஆனாலும் வலி தொடங்கிய நாளுக்கும் அதன் பெயரை ஒரு மருத்துவர் சொல்லும் நாளுக்கும் இடையில் பலருக்குப் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இந்தத் தாமதத்துக்கு ஒரு தவறான எண்ணம் பெரும் காரணம்: ஸ்கேனில் தெரிந்தால்தான் நோய், நோய் உறுதியானால்தான் சிகிச்சை. இரண்டுமே சரியல்ல. அறிகுறிகளை வைத்தே நோயை வலுவாகச் சந்தேகிக்கலாம். அந்தச் சந்தேகத்தின் பேரிலேயே சிகிச்சையைத் தொடங்கவும் செய்யலாம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

உடலுக்குள் என்ன நடக்கிறது

கர்ப்பப்பையின் உட்புறத்தில் இருக்கும் சவ்வைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பை, கருக்குழாய், அடிவயிற்றின் உள்ளுறை, கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார்கள், மலக்குடல், சிறுநீர்ப்பை ஆகியவை அது வழக்கமாகப் படியும் இடங்கள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அதை வளர்க்கிறது. அந்த இடத்தில் அழற்சி ஏற்பட்டு, காலப்போக்கில் தழும்பு உண்டாகி, விலகி இருக்க வேண்டிய உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

மருத்துவர்கள் மூன்று வகைகளைப் பற்றிப் பேசுவார்கள். வயிற்றின் உள்ளுறையில் மேலோட்டமாகப் படிவது ஒன்று. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கி உருவாகும் நீர்க்கட்டி இரண்டாவது; உள்ளிருக்கும் திரவம் கரும்பழுப்பாக இருப்பதால் இதைச் 'சாக்லேட் கட்டி' என்பார்கள். திசு உறுப்புகளுக்குள் ஆழமாக ஊடுருவுவது மூன்றாவது.

ஏன் வருகிறது? மாதவிடாய் இரத்தத்தின் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் செல்வதே காரணம் என்று ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் முன்வைத்த கருத்து இன்றும் பேசப்படுகிறது. ஆனால் இப்படிப் பின்னோக்கிச் செல்வது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, நோய் சிலருக்குத்தான் வருகிறது. ஆகவே மரபணு, நோய் எதிர்ப்பு மண்டலம், ஹார்மோன் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். நீங்கள் எதையோ செய்ததாலோ செய்யாததாலோ இது வரவில்லை.

அறுவைச் சிகிச்சையில் கண்ட படிவுகளின் அளவை வைத்து நோயை ஒன்று முதல் நான்கு வரை நிலைகளாகப் பிரிப்பார்கள். புற்றுநோய் நிலைகளைப் போல இதை எண்ணிவிடாதீர்கள். முதல் நிலையில் இருப்பவர் தாங்க முடியாத வலியில் துடிக்கலாம். நான்காம் நிலையில் இருப்பவருக்கு வலியே இல்லாமல், கருத்தரிக்காத காரணத்தைத் தேடும்போதுதான் நோய் வெளிப்படலாம். "முதல் நிலைதானே, இவ்வளவு வலி எப்படி இருக்கும்?" என்று யாராவது கேட்டால் அவருக்கு இந்த நோயைப் பற்றித் தெரியவில்லை என்று பொருள்.

முதல் படி: வலியைக் குறித்துவையுங்கள்

மருத்துவர் அறைக்குள் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்த நேரத்தில் "ரொம்ப வலிக்கிறது" என்ற வாக்கியம் எதையும் நகர்த்தாது. "மாதத்தில் மூன்று நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை, மாத்திரை போட்டும் இரவில் இரண்டு முறை விழித்துக்கொள்கிறேன்" என்ற வாக்கியம் நகர்த்தும். எனவே வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதுவதோடு நிறுத்தாமல், அந்த வலியால் அன்று என்ன செய்ய முடியாமல் போனது என்பதையும் எழுதுங்கள். செல்பேசியிலோ சாதாரண நோட்டிலோ தினம் இரண்டு வரி போதும்.

என்னென்ன கவனிக்க வேண்டும்? மாதவிடாய் வலி எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் அடங்குகிறது. இரத்தப்போக்கு வருவதற்கு முன்பே தொடங்குகிறதா. மாதவிடாய் இல்லாத நாட்களிலும் அடிவயிறு, இடுப்பு, தொடை வலிக்கிறதா. உடலுறவின்போது உள்ளே ஆழத்தில் வலிக்கிறதா, அல்லது அதற்குப் பிறகு பல மணி நேரம் வலி நீடிக்கிறதா. மலம் கழிக்கும்போது, குறிப்பாக மாதவிடாய் நாட்களில், குத்துவதுபோல வலிக்கிறதா. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தும் பரிசோதனையில் தொற்று எதுவும் காணப்படவில்லையா. இவற்றைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிய தாளை அப்படியே நீட்டிவிடலாம். கேட்பவருக்கு இவைதான் மிகவும் பயன்படும் தகவல்கள்.

வயிறு உப்புசம், வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வருவது, விளக்க முடியாத களைப்பு ஆகியவையும் பட்டியலில் சேரட்டும். குடல் எரிச்சல் நோய் என்று முத்திரை குத்தப்பட்டுப் பல காலம் அதற்கே மருந்து சாப்பிட்டவர்கள் ஏராளம். குடல் தொல்லை மாதவிடாய்ச் சுழற்சியோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது முக்கியமான துப்பு. அரிதாக நோய் தொலைவிலும் தலைகாட்டும்: மாதவிடாய் நாட்களில் மட்டும் வலது தோளில் வலி, மூச்சு விடும்போது நெஞ்சில் குத்தல், தொப்புளிலோ சிசேரியன் தழும்பிலோ வீக்கம் அல்லது இரத்தக் கசிவு. இவை எதுவும் மாதவிடாயோடு தொடர்புடையவை என்று தோன்றாது. தேதிகளைச் சேர்த்து எழுதினால்தான் தொடர்பு கண்ணில் படும்.

இரண்டு மூன்று சுழற்சிகளுக்குக் குறித்தால் நல்ல படம் கிடைக்கும். அதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நேரம் வாங்கிவிட்டு, காத்திருக்கும் நாட்களில் எழுதுங்கள்.

பதின்வயதினருக்கு இந்த நோய் வராது என்பது பொய். முதல் மாதவிடாயிலிருந்தே வலி தொடங்கியவர்கள் உண்டு. மகள் மாதாமாதம் பள்ளிக்குப் போக முடியாமல் சுருண்டு கிடந்தால் "வயதானால் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் படி: மருத்துவரிடம் பேசுவது

பேச்சைச் சுற்றி வளைக்காமல் தொடங்குங்கள்: "இந்த அறிகுறிகள் இத்தனை ஆண்டுகளாக இருக்கின்றன, இதனால் இன்னின்ன முடியவில்லை, எண்டோமெட்ரியோசிஸாக இருக்குமா என்று பார்க்க விரும்புகிறேன்." நோயின் பெயரை நீங்களே சொல்வதில் தவறில்லை. மருத்துவர் வேண்டாம் என்றால் காரணத்தைக் கேளுங்கள்: வேறு எந்த நோயை அவர் சந்தேகிக்கிறார், அதை எப்படி உறுதிசெய்யப் போகிறார், இந்த மருந்து எத்தனை மாதத்தில் பலன் தர வேண்டும், தராவிட்டால் அடுத்து என்ன?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் ஒரு கெடு கையில் இருக்க வேண்டும். "போட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் ஓராண்டு கழித்தும் அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

உள் பரிசோதனைக்கு உடன்படுவதும் மறுப்பதும் உங்கள் உரிமை. உடலுறவு அனுபவம் இல்லாதவர்களுக்கும், அந்தப் பரிசோதனையைத் தாங்க முடியாதவர்களுக்கும் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன், எம்ஆர்ஐ போன்ற வழிகள் உண்டு. நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வலி உங்களை என்ன செய்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்தவர் சொல்லும்போது அதற்குத் தனி எடை கிடைப்பதைப் பலரும் உணர்ந்திருக்கிறார்கள். அப்படி இருக்கக் கூடாதுதான், ஆனாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அலட்சியமான பதில் கிடைத்தால் வேறு மருத்துவரிடம் செல்லுங்கள். முடிந்தவரை இந்த நோயில் தனிப் பயிற்சியும் அனுபவமும் உள்ள மகப்பேறு மருத்துவராகத் தேடுங்கள். பழைய அறிக்கைகள், மருந்துப் பட்டியல், ஒவ்வொரு மருந்தும் என்ன செய்தது என்ற குறிப்பு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: பரிசோதனைகள் எதைக் காட்டும், எதைக் காட்டாது

முதலில் செய்வது பெரும்பாலும் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். சாக்லேட் கட்டியை இது நன்றாகவே காட்டும். ஆழமாக ஊடுருவிய திசுவையும், உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருப்பதையும் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். பழகாத கண் தவறவிடும். ஆகவே ஸ்கேன் செய்பவருக்கு இந்த நோயைத் தேடும் அனுபவம் இருக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. குடல், சிறுநீர்க்குழாய் போன்றவற்றில் சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ உதவும்.

மேலோட்டமான படிவுகள் எந்த ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரிவதில்லை. எனவே "எல்லாம் நார்மல்" என்ற அறிக்கை இந்த நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. கட்டி இல்லை, ஆழமான படிவு கண்ணில் படவில்லை என்ற அளவுக்குத்தான் அது பேசுகிறது. இரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் சிஏ 125 பரிசோதனையும் அப்படியே: அளவு கூடினால் நோய் இருக்கிறது என்றோ, கூடாவிட்டால் இல்லை என்றோ அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

நீண்ட காலம் லேப்ராஸ்கோப்பி ஒன்றே உறுதியான வழி என்று கருதப்பட்டது. தொப்புள் அருகே சிறு துளையிட்டு, கேமராவைச் செலுத்தி, கண்ணால் பார்த்து, திசுவை எடுத்துச் சோதிப்பது. ஐரோப்பிய மனித இனப்பெருக்கம் மற்றும் கருவியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த நிலைப்பாட்டை மாற்றியது. ஸ்கேனில் எதுவும் தெரியாதவர்களுக்கும், மருந்து பலிக்காத அல்லது பொருந்தாதவர்களுக்கும் மட்டுமே நோயறிதலுக்கான லேப்ராஸ்கோப்பியை அது பரிந்துரைக்கிறது. அறிகுறிகள் பொருந்தினால் அறுவை இல்லாமலே மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மருந்தில் வலி குறைந்தது என்பதாலேயே நோய் உறுதியாகிவிடாது, குறையவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்றும் ஆகிவிடாது.

கர்ப்பப்பையின் தசைச் சுவருக்குள்ளேயே இத்தகைய திசு வளரும் அடினோமயோசிஸ் பல நேரங்களில் கூடவே இருக்கும். இரத்தப்போக்கும் அதிகமாக இருந்தால் அதைப் பற்றியும் கேளுங்கள்.

நான்காம் படி: மருந்துகள்

ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரப்பதைக் குறைக்கின்றன. அது சுரந்து பெருகிய பிறகு மாத்திரை போட்டால் பலன் குறைவு. வலி உச்சத்தைத் தொடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதில் வீரம் எதுவுமில்லை. முதல் அறிகுறியிலேயே, மருத்துவர் சொன்ன இடைவெளியில், அந்த இரண்டு மூன்று நாட்களுக்குத் தொடர்ந்து எடுப்பதே சரியான முறை. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்கள் இவற்றைத் தாமாக எடுக்கக் கூடாது. கருத்தரிக்க முயல்பவர்களும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

அடுத்த அடுக்கு ஹார்மோன் மருந்துகள். இவை நோயை வேரோடு எடுப்பதில்லை. எடுத்துக்கொள்ளும் காலம்வரை அடக்கிவைக்கின்றன. ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போலச் செயல்படும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த கருத்தடை மாத்திரையை இடைவெளி விடாமல் எடுத்தால் மாதவிடாயே வராமல் வைக்கலாம். "இரத்தம் உள்ளே தேங்கிவிடுமே" என்ற அச்சம் பலருக்கு உண்டு. தேங்காது: மாத்திரையால் உட்சவ்வு மெலிந்தே இருப்பதால் வெளியேற்ற அதிகம் எதுவும் இருப்பதில்லை. முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலி, இரத்தம் உறைந்த வரலாறு, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருப்பவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது.

புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள வழிகளில் தினமும் 2 மில்லிகிராம் டையனோஜெஸ்ட், நோரெதிஸ்டிரோன், ஊசி, கர்ப்பப்பைக்குள் பொருத்தும், லெவோனார்ஜெஸ்ட்ரெல் சுரக்கும் சிறு சாதனம் ஆகியவை அடங்கும். தொடக்க மாதங்களில் சிறு சிறு இரத்தக் கசிவு வரும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்; மூன்று மாதமாவது பொறுத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் மனச்சோர்வு கவ்வினால் பொறுக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். இன்னொன்று: 2 மில்லிகிராம் டையனோஜெஸ்ட் கருத்தடை மாத்திரையாக அங்கீகரிக்கப்பட்டதல்ல. கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டுமென்றால் ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத வழி தேவை.

இவை போதாதபோது லியூப்ரோலைடு, கோசெரலின் போன்ற ஊசிகள் சினைப்பையைத் தற்காலிகமாக உறங்கவைக்கின்றன. மாதவிடாய் நின்றவர்களுக்கு வருவதுபோல உடல் சூடும் வியர்வையும் வரும், எலும்பின் அடர்த்தி குறையும். அதைத் தடுக்கச் சிறிதளவு ஹார்மோனைக் கூடவே கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேளுங்கள். இதே வேலையைச் செய்யும் மாத்திரைகளும் வந்துவிட்டன. எலாகோலிக்ஸ் 2018-இலும், ஹார்மோன் சேர்த்த ரெலுகோலிக்ஸ் இந்த நோய்க்கென 2022-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

ஐந்தாம் படி: அறுவைச் சிகிச்சை தேவையா?

மருந்து பலிக்கவில்லை, மருந்து எடுக்க முடியவில்லை, குழந்தை வேண்டும், கட்டி பெரிதாகிறது, குடலோ சிறுநீர்க்குழாயோ அடைபடுகிறது: இந்தச் சூழல்களில் அறுவை பேச்சுக்கு வரும். கடைசிக் காரணத்தைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் யோசிக்க நேரம் இருக்கிறது. எனவே முதலில் கத்தியை நீட்டுபவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.

அறுவை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். ஆண்டுக்கு இத்தகைய அறுவை எத்தனை செய்கிறீர்கள்? படிவை வெட்டி எடுப்பீர்களா, மேலாகச் சுட்டுவிடுவீர்களா? குடலில் இருப்பது தெரிந்தால் அங்கேயே செய்வீர்களா, குடல் அறுவை மருத்துவர் உடன் இருப்பாரா? எடுத்த திசு ஆய்வகத்துக்குப் போகுமா? படங்களும் அறுவைக் குறிப்பும் எனக்குக் கிடைக்குமா? ஆழமான நோயில் முதல் அறுவை அரைகுறையாக முடிந்தால் இரண்டாவது அறுவை இன்னும் கடினமாகும். அதனால் அனுபவமுள்ள குழுவுக்காகச் சில மாதம் காத்திருப்பது பல நேரங்களில் நல்ல முடிவு.

சாக்லேட் கட்டிக்குத் தனி எச்சரிக்கை உண்டு. திரவத்தை மட்டும் உறிஞ்சி எடுத்தால் கட்டி எளிதில் திரும்பும். உறையோடு உரித்தெடுத்தால் திரும்பும் வாய்ப்பு குறைவு, ஆனால் கூடவே ஆரோக்கியமான சினைப்பைத் திசுவும் கொஞ்சம் போய்விடும். இரு சினைப்பைகளிலும் கட்டி இருந்தாலோ இது இரண்டாவது அறுவை என்றாலோ, முன்கூட்டியே ஏஎம்எச் இரத்தப் பரிசோதனை செய்து முட்டை இருப்பைத் தெரிந்துகொண்டு, முட்டைகளை உறையவைத்துச் சேமிப்பது பற்றியும் பேசுங்கள்.

அறுவைக்குப் பிறகும் நோய் திரும்பலாம். உடனே கருத்தரிக்கும் எண்ணம் இல்லாவிட்டால் அதன் பிறகு ஹார்மோன் மருந்தை நீண்ட காலம் தொடர்வது அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்ற வாக்குறுதியையும் அப்படியே நம்ப வேண்டாம். வெளியே இருக்கும் படிவுகளை விட்டுவைத்தால் வலியும் தங்கிவிடும்.

குழந்தை வேண்டும் என்றால்

இந்த நோய் உள்ளவர்களில் கணிசமானோர் மருத்துவ உதவியின்றியே கருத்தரிக்கிறார்கள். ஆனால் தாமதமாகும் வாய்ப்பு கூடுதல் என்பதால், ஓராண்டு முயன்று பார்க்கும் பொதுவான வழக்கத்துக்குப் பதில் ஆறு மாதத்திலேயே ஆலோசனை கேட்பது நல்லது. துணைவரின் விந்தணுப் பரிசோதனையும் அப்போதே நடக்கட்டும். "சில மாதம் ஹார்மோன் போட்டால் பிறகு எளிதாகக் கருத்தரிக்கும்" என்ற அறிவுரைக்கு ஆதாரமில்லை. அந்த மாதங்கள் வீணாவதுதான் மிச்சம். செயற்கைக் கருத்தரிப்புக்கு முன் கட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது.

"கல்யாணமானால் சரியாகும், ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகும்" என்பவர்களுக்கு ஒரே பதில்: கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி அடங்கும், பிறகு திரும்பலாம். வலிக்கு மருந்தாக ஒரு குழந்தையைப் பெற்றுக்கொள்ளச் சொல்வது மருத்துவமே அல்ல.

அன்றாடம்

நீண்ட நாள் வலியில், கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் இறுகிக்கொள்கின்றன. நரம்பு மண்டலமும் வலிக்குப் பழகி, சிறு தூண்டலையும் பெரிதாக உணரத் தொடங்குகிறது. படிவுகளை முழுதாக எடுத்த பிறகும் சிலருக்கு வலி நீடிப்பது இதனால்தான். அது கற்பனை இல்லை. இடுப்புத்தளப் பிசியோதெரபி, வலி மருத்துவ நிபுணர், உளவியல் ஆலோசனை ஆகியவற்றுக்கு அனுப்பினால் "மனநோய் என்கிறார்கள்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்தோடு சேர்ந்து இவையும் வேலை செய்பவை.

வெந்நீர்ப் பை, தோலின் மேல் ஒட்டி மெல்லிய மின் துடிப்பைத் தரும் டென்ஸ் கருவி, உடல் ஒத்துழைக்கும் நாட்களில் நடை, நீட்சிப் பயிற்சிகள் பலருக்கு இதம் தருகின்றன. மலச்சிக்கலைத் தவிர்ப்பது குடல் வலியுள்ளவர்களுக்குப் பெரிய நிம்மதி. நோயை முழுதாகக் குணமாக்கும் என்று விற்கப்படும் உணவுத் திட்டங்களிலும் பொடிகளிலும் பணத்தைக் கரைக்காதீர்கள்.

உடலுறவு வலித்தால் துணைவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேறு நிலைகள், நெருக்கத்தின் வேறு வழிகள், வலி குறைவான நாட்கள் என இருவரும் சேர்ந்து பார்க்கலாம். சகித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் தசைகள் இன்னும் இறுகும். வேலையிடத்தில் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவச் சான்றோடு, மோசமான நாட்களில் வீட்டிலிருந்து வேலை, கழிப்பறைக்கு அருகில் இருக்கை, இடையிடையே ஓய்வு என்று குறிப்பாகக் கேட்பது எளிது.

எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்

திடீரென்று ஒரு பக்கத்தில் தாங்க முடியாத வலி, வலியோடு காய்ச்சல், மயக்கம், மூச்சுத் திணறல், கருவுற்றிருக்கும் வாய்ப்புள்ளபோது கடும் வயிற்று வலி அல்லது இரத்தப்போக்கு: இவற்றில் எதையும் "வழக்கமான வலிதான்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. சினைப்பை முறுக்கிக்கொள்வது, கட்டி வெடிப்பது, கருக்குழாயில் கரு தங்குவது எல்லாம் இப்படித்தான் தொடங்கும்.

நீண்ட காலப் பார்வை

ஆழமான நோய் சிறுநீர்க்குழாயை மெல்ல நெருக்கி, வலியே தெரியாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். ஆழமான படிவு இருப்பதாகச் சொல்லப்பட்டால் சிறுநீரக ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள். சினைப்பைப் புற்றுநோய் பற்றிய பயம் பலரை வாட்டுகிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு வாழ்நாள் அபாயம் சற்றே கூடுதல்தான், ஆனால் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் என்பது ஏறத்தாழ இருவர் என்றாகும் அளவுக்குள்தான். அதற்காக எல்லோரும் ஆண்டுதோறும் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை.

மாதவிடாய் இயல்பாக நின்ற பிறகு பெரும்பாலோருக்கு நோய் அடங்குகிறது. இளம் வயதிலேயே இரு சினைப்பைகளும் எடுக்கப்பட்டவர்களுக்கு எலும்பையும் இதயத்தையும் காக்க ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை தேவைப்படும். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு வழக்கமாக ஈஸ்ட்ரோஜனை மட்டுமே எழுதித் தருவார்கள். உங்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் படிவுகளை ஈஸ்ட்ரோஜன் தனியாகத் தூண்டிவிடக்கூடும் என்பதால் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த மருந்து பொருத்தமாக இருக்குமா என்று மருத்துவர் பார்ப்பார்.